விசைக்கும் ஓர் எழுவாய் உண்டு

க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞானம் - பௌதிகப் பகுதி
விசையும் இயக்கமும்: மீட்டற் பாடம்



முதலில் ஒரு வினா. காலி வீதியில் பஸ் வண்டியொன்று வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டியை நோக்கி நேராகவும் மாறாத கதியுடனும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மீது தாக்கும் விளையுள் விசை எவ்வளவு?

"முன்னோக்கிய ஒரு விசை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ் எப்படி ஓடும்?" என்பதே வகுப்பில் அடிக்கடி கிடைக்கும் விடை. சரியான விடை பூச்சியம். சூத்திரங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணவரும் இவ்வினாவில் தவறுகின்றனர். காரணம், நாம் நாளாந்தம் பேசும் மொழி நம்மை வேறு வழியில் பழக்கியிருக்கிறது. "பஸ் என்னைத் தூக்கி எறிந்தது", "வேகம் என்னைத் தள்ளியது" என்றெல்லாம் பேசுகிறோம். பேச்சுக்கு இது போதும். பரீட்சைக்குப் போதாது. வீதியில் நம் உயிரைக் காப்பதற்கும் போதாது என்பதை இப்பாடத்தின் இறுதியில் காண்போம்.

இதனை எழுதும் நான் ஒரு கலைப் பட்டதாரி. தமிழ் இலக்கணம் கற்பிப்பதே என் முதல் வேலை. பௌதிகத்தை நான் விளங்கிக்கொண்ட வழியும் இலக்கணத்தின் வழிதான். அந்த வழியையே இங்கு உங்களுக்குத் தருகிறேன்.

1. விசை என்றால் என்ன?

ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தள்ளுவது அல்லது இழுப்பது விசை எனப்படும். விசையினால் பின்வரும் மாற்றங்கள் ஏற்படலாம்.

(அ) ஓய்விலுள்ள பொருள் இயங்கத் தொடங்கும்.
(ஆ) இயங்கும் பொருளின் கதி கூடும் அல்லது குறையும். பொருள் ஓய்வுக்கும் வரலாம்.
(இ) இயங்கும் திசை மாறும்.
(ஈ) பொருளின் வடிவம் மாறும்.

விசைக்குப் பருமனும் உண்டு, திசையும் உண்டு. ஆகவே அது ஒரு காவிக் கணியம். அதன் அலகு நியூற்றன்.

இப்போது மேலேயுள்ள வரைவிலக்கணத்தை மீண்டும் வாசியுங்கள். "ஒரு பொருள் இன்னொரு பொருளை" என்று அதில் இரண்டு பொருள்கள் வருகின்றன. தள்ளுவது எழுவாய். தள்ளப்படுவது செயப்படுபொருள். தள்ளுதல், இழுத்தல் இரண்டும் செயப்படுபொருள் குன்றா வினைகள். இதிலிருந்து ஒரு விதியை அமைத்துக்கொள்வோம்.

விதி: எந்த விசையைப் பற்றி எழுதினாலும் "எப்பொருள், எப்பொருளை?" என்று கேட்க வேண்டும். இரண்டையும் பெயர் சொல்லிக் காட்ட முடியாவிட்டால் அங்கே அப்படியொரு விசை இல்லை.

தமிழில் தோன்றா எழுவாய் உண்டு. விசையில் தோன்றா எழுவாய் இல்லை.

எழுவாய் எப்போதும் தொட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டுமென்பதில்லை. பூமி மாங்காயைத் தொடாமலே இழுக்கிறது. காந்தம் ஊசியைத் தொடாமலே இழுக்கிறது. ஆனால் அங்கும் பூமி, காந்தம் என்று எழுவாயின் பெயரைச் சொல்ல முடிகிறது.

2. கரம் பலகை சொல்லும் பாடம்

விடுமுறை நாட்களில் கரம் விளையாடியிருப்பீர்கள். பவுடர் போடாத பலகையில் காயைச் சுண்டினால் சிறிது தூரம் சென்று நின்றுவிடும். பவுடர் தூவிச் சுண்டினால் அதே காய் எதிர்க்கரை வரை சென்று மோதித் திரும்பும். இன்னும் ஒப்பமான பலகையாயின் இன்னும் தூரம் செல்லும். சரி, உராய்வே இல்லாத, முடிவும் இல்லாத ஒரு பலகை இருந்தால்? காய் நிற்பதற்குக் காரணமே இல்லை. அது மாறாக் கதியுடன் நேர்கோட்டில் சென்றுகொண்டே இருக்கும்.

விரலை விட்டு நீங்கிய பின் காயை முன்னோக்கித் தள்ளுவது எது? எழுவாயைத் தேடுங்கள். விரல் பின்னால் நின்றுவிட்டது. காற்று தள்ளவில்லை. முன்னோக்கித் தள்ளும் பொருள் எதுவும் இல்லை. எனவே முன்னோக்கிய விசையும் இல்லை. அப்படியிருந்தும் காய் ஓடுகிறது! உண்மையில் அக்கணத்தில் கிடையாகத் தாக்கும் முக்கிய விசை ஒன்றே: பலகை காயைப் பின்னோக்கி இழுக்கும் உராய்வு விசை. காய் நிற்பதற்கு அதுவே காரணம்.

இயங்கிக்கொண்டிருக்க விசை தொடர்ந்து வேண்டும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கருதினார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உலகம் அதையே நம்பியது. இத்தாலி நாட்டுக் கலிலியோ இக்கருத்தை மறுத்தார். ஐசாக் நியூற்றன் 1687 இல் வெளியிட்ட பிரின்சிப்பியா என்னும் நூலில் அதனை விதியாக வகுத்தார்.

நியூற்றனின் முதலாம் விதி: சமநிலைப்படாத புறவிசை ஒன்று தாக்காதவரை ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும், இயங்கும் பொருள் சீரான வேகத்துடன் நேர்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும்.

கவனிக்க: "சமநிலைப்படாத" என்ற சொல்லை விட்டுவிட்டால் விதி பிழையாகிவிடும். முதல் வினாவின் பஸ்ஸைப் பாருங்கள். வீதி அதனை முன்னோக்கித் தள்ளுகிறது (எஞ்சின் சுழற்றும் சில்லு வீதியைப் பின்னோக்கித் தள்ளுவதால் இது நிகழ்கிறது). காற்றின் தடையும் ஏனைய உராய்வுகளும் அதனைப் பின்னோக்கி இழுக்கின்றன. இரண்டும் பருமனில் சமம், திசையில் எதிர். ஆகவே விளையுள் விசை பூச்சியம், வேகமும் மாறவில்லை. எஞ்சின் வேலை செய்வது தடைகளை ஈடுசெய்வதற்காகவே.

3. பஸ்ஸில் என்னைத் தள்ளியது யார்?

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி நின்றுகொண்டே பயணம் செய்கிறீர்கள். சாரதி திடீரெனப் பிரேக் போடுகிறார். நீங்கள் முன்னே சாய்கிறீர்கள். "நான் முன்னே தள்ளப்பட்டேன்" என்கிறீர்கள்.

இது செயப்பாட்டுவினை வாக்கியம். "யாரால்?" என்று கேட்போம். பின்னால் நின்றவர் தள்ளினாரா? இல்லை. பஸ் தள்ளியதா? பஸ்ஸின் தரை உங்கள் பாதங்களைப் பின்னோக்கியல்லவா இழுத்தது! முன்னே தள்ளிய எழுவாய் எவரும் இல்லை. எனவே அப்படியொரு விசையும் இல்லை.

நடந்தது இதுதான். பிரேக் போடுமுன் பஸ்ஸும் நீங்களும் ஒரே வேகத்தில் சென்றுகொண்டிருந்தீர்கள். பஸ்ஸின் வேகம் குறைந்தது. தரையின் உராய்வினால் உங்கள் பாதங்களின் வேகமும் குறைந்தது. மேலுடலைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் அது பழைய வேகத்திலேயே தொடர்ந்தது. பொருளொன்று தனது ஓய்வு நிலையையோ சீரான இயக்கத்தையோ மாற்றிக்கொள்ள விரும்பாத இவ்வியல்பு சடத்துவம் எனப்படும். சடத்துவம் ஓர் இயல்பு. அதனை "சடத்துவ விசை" என்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

பஸ் திடீரெனப் புறப்படும்போது பின்னே சாய்வதையும், வளைவில் திரும்பும்போது பக்கமாகச் சாய்வதையும் இதே முறையில் விளக்குங்கள். வளைவில் பஸ் திரும்புகிறது. உங்கள் உடல் நேரே செல்ல முயல்கிறது. அவ்வளவே.

மாதிரி விடை: "பஸ் ஓய்வுக்கு வரும்போது பயணியின் பாதங்கள் பஸ்ஸின் தரையுடன் சேர்ந்து ஓய்வுக்கு வருகின்றன. சடத்துவம் காரணமாக உடலின் மேற்பகுதி முன்னைய வேகத்துடன் தொடர்ந்து இயங்க முயல்வதால் பயணி முன்னோக்கிச் சாய்கிறார்."

4. திணிவும் நிறையும்

கடையில் "இந்த மூட்டையின் நிறை 50 கிலோ" என்கிறோம். விஞ்ஞானத்தில் அது பிழை. 50 கிலோகிராம் என்பது திணிவு. அதாவது மூட்டையிலுள்ள சடப்பொருளின் அளவு. நிறை என்பது ஒரு விசை. எழுவாய் யார்? பூமி. செயப்படுபொருள் எது? மூட்டை. பூமி மூட்டையை இழுக்கும் விசையே மூட்டையின் நிறை.

நிறை = திணிவு × ஈர்ப்பு ஆர்முடுகல்

ஈர்ப்பு ஆர்முடுகலை 10 மீற்றர்/செக்கன்² எனக் கொண்டால் மூட்டையின் நிறை 50 × 10 = 500 நியூற்றன். அதே மூட்டையைச் சந்திரனுக்குக் கொண்டுசென்றால் அதன் திணிவு 50 கிலோகிராமாகவே இருக்கும். எழுவாய் சந்திரனாக மாறிவிட்டதால் நிறை மட்டும் ஏறத்தாழ ஆறிலொரு பங்காகக் குறையும்.

இக்கையேட்டில் அலகுகளைச் சொற்களாக எழுதியுள்ளோம். விடைத்தாளில் பாடநூலில் உள்ள சர்வதேசக் குறியீடுகளையே எழுதுங்கள். அலகு இல்லாத விடைக்கு முழுப் புள்ளி கிடைக்காது.

5. புறக்கோட்டை நாட்டாமியின் வண்டி

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, வெங்காய மூட்டைகளை ஏற்றிய கைவண்டிகளை நாட்டாமிமார் தள்ளிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மூட்டைகள் ஏற்றிய வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். மூட்டை ஒவ்வொன்றும் 50 கிலோகிராம், வெறும் வண்டி 50 கிலோகிராம். மொத்தத் திணிவு 250 கிலோகிராம். நாட்டாமி வண்டியைக் கிடையாக 200 நியூற்றன் விசையால் தள்ளுகிறார். இயக்கத்துக்கு எதிரான தடை விசை 150 நியூற்றன்.

விளையுள் விசை = 200 − 150 = 50 நியூற்றன் (முன்னோக்கி)

நியூற்றனின் இரண்டாம் விதிப்படி,
விளையுள் விசை = திணிவு × ஆர்முடுகல்
50 = 250 × ஆர்முடுகல்
ஆர்முடுகல் = 0.2 மீற்றர்/செக்கன்²

இன்னொருவர் பின்னாலிருந்து 50 நியூற்றன் விசையால் தள்ளி உதவுகிறார் எனில் விளையுள் விசை 100 நியூற்றன்; ஆர்முடுகல் 0.4 மீற்றர்/செக்கன்². விளையுள் விசை இரு மடங்கானபோது ஆர்முடுகலும் இரு மடங்காகிறது.

வண்டி வேண்டிய வேகத்தை அடைந்த பின் நாட்டாமி தனியாகவே எவ்வளவு விசையால் தள்ளினால் போதும்? 150 நியூற்றன். அப்போது விளையுள் விசை பூச்சியமாகி வண்டி மாறா வேகத்துடன் செல்லும். அனுபவமுள்ள நாட்டாமி வண்டியை நகர்த்தத் தொடங்கும்போதே உடலைச் சாய்த்து முழுப்பலத்துடன் தள்ளுவார். ஓடத் தொடங்கியதும் இலகுவாகக் கொண்டுசெல்வார். விதியை அவர் படித்திருக்கத் தேவையில்லை. அவர் தோள் அதனை அறியும்.

கவனிக்க: சமன்பாட்டில் 200 நியூற்றனைப் பிரதியிடுவது மாணவர் வழமையாக விடும் பிழை. பிரதியிட வேண்டியது விளையுள் விசையையே.

கோயில் தேரிலும் இதையே காணலாம். வடம் பிடிப்போர் அனைவரும் ஒரே திசையில் இழுப்பதால் அவர்களின் விசைகள் கூட்டப்படுகின்றன. தேரை நிறுத்துவதற்குச் சில்லின் கீழ் முட்டுக்கட்டை போடுகிறார்கள். அது எதிர்த்திசையில் தேரைத் தடுக்கிறது. ஒரு கருமத்துக்குத் தடை வந்தால் "முட்டுக்கட்டை போட்டார்கள்" என்று நாம் சொல்வது இதிலிருந்துதான்.

6. உராய்வு: பகையா, நட்பா?

ஒன்றையொன்று தொடும் இரு மேற்பரப்புகளுக்கிடையே வழுக்குதலுக்கு எதிராகத் தாக்கும் விசை உராய்வு விசை.

வீட்டுப் பரிசோதனை: தடித்த பாடநூல் ஒன்றை நூலினால் கட்டி, நூலின் முனையில் இறப்பர் வளையம் ஒன்றை இணைத்து மேசையில் வையுங்கள். வளையத்தைப் பிடித்து மெதுவாகக் கிடையாக இழுங்கள். வளையம் நீள்கிறது, புத்தகம் அசையவில்லை. மேலும் இழுங்கள். வளையம் மேலும் நீள்கிறது, புத்தகம் இன்னும் அசையவில்லை. ஒரு கட்டத்தில் புத்தகம் சட்டென்று நகர்கிறது. அதன்பின் புத்தகத்தைச் சீராக இழுக்க வளையம் முன்பளவு நீளத் தேவையில்லை.

இதிலிருந்து மூன்று நிலைகளை அறிகிறோம்.

(அ) நிலையியல் உராய்வு விசை: பொருள் ஓய்விலிருக்கும்போது தாக்குவது. நாம் பிரயோகிக்கும் விசை கூடக்கூட இதுவும் கூடி அதற்குச் சமமாக நிற்கும்.
(ஆ) எல்லை உராய்வு விசை: பொருள் நகரத் தயாராகும் கணத்தில் உள்ள உச்ச உராய்வு விசை.
(இ) இயக்க உராய்வு விசை: பொருள் நகரும்போது தாக்குவது. இது எல்லை உராய்வு விசையிலும் சற்றுக் குறைவு.

இனி நூல் கட்டிய புத்தகத்தின் மேல் இன்னொரு புத்தகத்தை வைத்து இழுங்கள். வளையம் கூடுதலாக நீளும். செவ்வன் மறுதாக்கம் கூடினால் எல்லை உராய்வு விசையும் கூடும். மேசைமேல் துணி விரித்து இழுத்துப் பாருங்கள். மீண்டும் மாற்றம் தெரியும். ஆகவே எல்லை உராய்வு விசை தங்கியிருக்கும் காரணிகள் இரண்டு: தொடுகை மேற்பரப்புகளின் தன்மை, செவ்வன் மறுதாக்கம். தொடுகைப் பரப்பளவில் அது தங்கியிருப்பதில்லை. செங்கல்லைப் படுக்கையாக வைத்து இழுத்தாலும் பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் தேவைப்படும் விசை ஒன்றே.

உராய்வினால் பாகங்கள் தேய்கின்றன, சூடாகின்றன, சக்தி விரயமாகிறது. அதனால் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறோம். துவிச்சக்கரவண்டியில் குண்டுப்போதிகை பயன்படுகிறது. ஆனால் உராய்வு இல்லாவிட்டால் நடக்க முடியாது, பேனை பிடிக்க முடியாது, பிரேக் பிடிக்காது. நீண்ட வெயிலுக்குப் பின் முதல் மழை பெய்யும்போது வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் நீருடன் சேர்ந்து வழுக்கும். அந்த வேளையில் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் சறுக்குவது இதனால்தான்.

வெள்ளவத்தை மாணவருக்கு இன்னொரு உதாரணம் கண்முன்னே இருக்கிறது. கடலோரமாகச் செல்லும் புகையிரதப் பாதையில் உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. இரண்டும் ஒப்பமானவை, உராய்வு குறைவு. எனவே பெரும் பாரத்தைக் குறைந்த எரிபொருளில் இழுத்துச் செல்லலாம். ஆனால் அதே காரணத்தால் புகையிரதம் விரைவில் நிற்காது. கணிப்புக்காக இவ்வாறு கொள்வோம்: புகையிரதத்தின் திணிவு 300 000 கிலோகிராம், வேகம் செக்கனுக்கு 15 மீற்றர், பிரேக் போட்டதும் தாக்கும் மொத்தத் தடை விசை 150 000 நியூற்றன்.

அமர்முடுகல் = 150 000 ÷ 300 000 = 0.5 மீற்றர்/செக்கன்²
நிற்க எடுக்கும் நேரம் = 15 ÷ 0.5 = 30 செக்கன்
சராசரி வேகம் = 7.5 மீற்றர்/செக்கன்
நிற்குமுன் செல்லும் தூரம் = 7.5 × 30 = 225 மீற்றர்

சாரதி உங்களைக் கண்டு உடனே பிரேக் போட்டாலும் புகையிரதம் இருநூறு மீற்றருக்கு மேல் வந்துகொண்டே இருக்கும். கடற்கரைக்குப் போக தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களும், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நடப்பவர்களும் இந்தக் கணிப்பை ஒருமுறை தாமே செய்து பார்க்க வேண்டும்.

7. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறினால்

நியூற்றனின் மூன்றாம் விதி: ஒவ்வொரு தாக்கத்துக்கும் பருமனில் சமனும் திசையில் எதிருமான மறுதாக்கம் ஒன்று உண்டு.

இலக்கண வழியில் இதைவிட இலகுவான விதி இல்லை. வாக்கியத்தின் எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றுங்கள், திசையைப் புரட்டுங்கள். மறுதாக்கம் கிடைத்துவிடும்.

தாக்கம்: பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது.
மறுதாக்கம்: தரை பாதத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. (நாம் நடக்கிறோம்.)

தாக்கம்: துடுப்பு நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது.
மறுதாக்கம்: நீர் துடுப்பை முன்னோக்கித் தள்ளுகிறது. (படகு செல்கிறது.)

இரண்டும் சமன் எனில் ஒன்றையொன்று ஏன் இல்லாமற் செய்வதில்லை? செயப்படுபொருளைப் பாருங்கள். ஒன்று தரை மீது தாக்குகிறது. மற்றது பாதத்தின் மீது தாக்குகிறது. வெவ்வேறு பொருள்களின் மீது தாக்கும் விசைகள் ஒன்றையொன்று சமப்படுத்த மாட்டா.

இப்போது கடினமான வினா. மேசைமேல் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தின் நிறையும் மேசை கொடுக்கும் செவ்வன் மறுதாக்கமும் நியூற்றன் கூறிய தாக்க மறுதாக்கச் சோடியா? "மறுதாக்கம்" என்ற பெயரைக் கண்டு ஆம் என்று எழுதிவிடாதீர்கள். வாக்கியங்களாக எழுதுவோம்.

நிறை: பூமி புத்தகத்தைக் கீழ்நோக்கி இழுக்கிறது.
செவ்வன் மறுதாக்கம்: மேசை புத்தகத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது.

இரண்டிலும் செயப்படுபொருள் புத்தகமே. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறவில்லை. ஆகவே இது மூன்றாம் விதிச் சோடி அன்று. ஒரே பொருளின் மீது தாக்கும் இரு விசைகள் சமநிலையில் உள்ளன, புத்தகம் ஓய்விலிருக்கிறது. நிறையின் உண்மையான சோடி "புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுக்கிறது" என்பதாகும்.

8. மிதிபலகையும் ஆசனப் பட்டியும்

பாடத்தின் தொடக்கத்தில் உயிரைப் பற்றிச் சொன்னேன். இப்போது கணக்கிடுவோம்.

உங்கள் திணிவு 50 கிலோகிராம். வாகனத்தின் கதி மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர். நகரத்துக்குள் இது பெரிய வேகமன்று.

சாதாரணமாகப் பிரேக் போட்டு 4 செக்கனில் நின்றால்,
அமர்முடுகல் = 10 ÷ 4 = 2.5 மீற்றர்/செக்கன்²
உங்களை நிறுத்தத் தேவையான விசை = 50 × 2.5 = 125 நியூற்றன்

கம்பியைக் கையால் பிடித்துச் சமாளிக்கலாம்.

எதனுடனோ மோதி 0.1 செக்கனில் நின்றால்,
அமர்முடுகல் = 10 ÷ 0.1 = 100 மீற்றர்/செக்கன்²
தேவையான விசை = 50 × 100 = 5000 நியூற்றன்

இது பத்து அரிசி மூட்டைகளின் நிறை. எவருடைய கையும் இதைத் தாங்காது. ஆசனப் பட்டி அணிந்திருந்தால் "பட்டி உங்களைப் பின்னோக்கி இழுக்கிறது." அது சற்று நீண்டு கொடுத்து நிற்கும் நேரத்தை அதிகரிக்கிறது, விசை குறைகிறது, அவ்விசையும் மார்பு, இடுப்பு எனப் பரந்த பகுதியில் தாக்குகிறது. பட்டி இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தின் எழுவாய் முன்கண்ணாடியாக இருக்கும். இலங்கையில் 2011 இல் சாரதிக்கும் முன்னாசனப் பயணிக்கும் ஆசனப் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. தண்டப்பணத்துக்குப் பயந்து அணிவதைவிட இந்தக் கணக்கை விளங்கி அணிவது மேல்.

மிதிபலகையில் தொங்கிச் செல்பவரின் நிலை என்ன? பஸ் வளைவில் திரும்பும்போது அவர் உடல் நேரே செல்ல முயல்கிறது. பஸ்ஸுடன் சேர்த்து அவரைத் திருப்பும் எழுவாய் ஒன்றே ஒன்றுதான்: அவர் பிடித்திருக்கும் கம்பி. மழையில் நனைந்த கை வழுக்கினால் அந்த எழுவாயும் இல்லை. பஸ் அவரை எறியத் தேவையில்லை. அவரைப் பிடித்திருக்க எதுவும் இல்லாமற் போவதே போதும். வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்தால் நான் ஏசமாட்டேன். அடுத்த பஸ்ஸில் வாருங்கள்.

9. பயிற்சி வினாக்கள்

(1) "சுண்டிவிட்ட கரம் காய் முன்னோக்கிய விசை தீர்ந்துபோவதால் நிற்கிறது." இக்கூற்றின் பிழையைத் திருத்துக.

(2) 20 கிலோகிராம் திணிவுடைய பெட்டியொன்று கிடைத்தரையில் 60 நியூற்றன் கிடைவிசையால் இழுக்கப்படுகிறது. அது மாறா வேகத்துடன் செல்கிறது. உராய்வு விசை யாது? இழுக்கும் விசை 100 நியூற்றனாக அதிகரித்தால் ஆர்முடுகல் யாது? (உராய்வு விசை மாறவில்லை எனக் கொள்க.)

(3) 40 கிலோகிராம் திணிவுடைய மாணவர் ஒருவரின் நிறை யாது? (ஈர்ப்பு ஆர்முடுகல் 10 மீற்றர்/செக்கன்²)

(4) ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் பஸ் செல்லும் திசையிலேயே சில அடிகள் ஓட நேர்வது ஏன்?

(5) அலுமாரியொன்றை 80 நியூற்றன் விசையால் தள்ளியும் அது அசையவில்லை. அப்போது உராய்வு விசை யாது?

விடைகள்

(1) காய் விரலை விட்டு நீங்கியதும் அதன் மீது முன்னோக்கிய விசை எதுவும் இல்லை. பலகை காயின் மீது பின்னோக்கிப் பிரயோகிக்கும் உராய்வு விசையால் அது அமர்முடுகி ஓய்வுக்கு வருகிறது.

(2) மாறா வேகமாதலால் விளையுள் விசை பூச்சியம். எனவே உராய்வு விசை 60 நியூற்றன். பின்னர் விளையுள் விசை 100 − 60 = 40 நியூற்றன். ஆர்முடுகல் = 40 ÷ 20 = 2 மீற்றர்/செக்கன்².

(3) 40 × 10 = 400 நியூற்றன்.

(4) தரையைத் தொட்டதும் பாதங்கள் ஓய்வுக்கு வர முயல்கின்றன. சடத்துவத்தால் மேலுடல் பஸ்ஸின் வேகத்தில் தொடர்கிறது. ஓடாவிட்டால் முகம் குப்புற விழ நேரிடும். (விடை இதுவே, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்காமல் இருப்பது அதைவிட நல்ல விடை.)

(5) 80 நியூற்றன். அலுமாரி ஓய்விலிருப்பதால் நிலையியல் உராய்வு விசை பிரயோகித்த விசைக்குச் சமம். எல்லை உராய்வு விசை இதனிலும் கூடுதலாக இருக்கலாம்.

மாணவர்களே, பரீட்சை மண்டபத்தில் விசை பற்றிய வினாவைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடி அவசரப்பட வேண்டாம். முதலில் பொருளை வரையுங்கள். அதன் மீது தாக்கும் ஒவ்வொரு விசைக்கும் அம்புக்குறி இட்டு, "எப்பொருள் இதைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது?" என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் அம்புக்குறி நிற்கட்டும். பெயர் கிடைக்காவிட்டால் அழித்துவிடுங்கள். மீதியைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும்.

அனைவரும் சிறந்த பெறுபேறு பெற வாழ்த்துகள்.